முப்பத்தாறாம் பக்கத்தில் எதிர்வீட்டு அம்மா

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூக்குத் தண்டு எந்த இடத்தில் சரிகிறது, எந்தக் காது மேலே, எந்தக் காது கீழே, சிரித்தால் கன்னம் ஏறி ஃப்ரேமைத் தூக்குமா என்றெல்லாம் பார்த்தால்தான் கண்ணாடி முகத்தில் நிற்கும். அவள் இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வேலையைப் பார்க்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, பெயர் கடையைத் தாண்டித் தெருவுக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

எழுத்தும் அந்த முகங்களிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் ஒரு பெண் இரண்டாக உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, "எப்படி உடைஞ்சதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள். கண்ணாடியம்மா கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், எப்படி உடைந்திருக்கும் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினாள். எழுதியதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வார இதழுக்கு அனுப்பினாள். வந்துவிட்டது. அச்சில் வந்ததோடு ஆசிரியரின் போனும் வந்தது. "இதே மாதிரி வாரா வாரம் ஒண்ணு தர முடியுமாம்மா?"

அப்படித்தான் முப்பத்தாறாம் பக்கம் அவளுடையதாயிற்று. தங்கள் கதை அச்சில் வந்துவிடுமோ என்று கடைக்கு வருகிறவர்கள் மிரண்டு ஓடிவிடக் கூடாதே என்று புனைபெயர் வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தவர்கள் கணவரும் மகளும் மட்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கும் அந்த மனிதர், லிஃப்ட் இல்லாத தன் வீட்டுக்கு மட்டும் நாலு மாடி படியேறித்தான் வரவேண்டும். அதை அவள் எழுதியபோது அவருக்கு ஒரே பெருமை. "அடுத்த வாரம் நான் வர்றேனா?" என்று கேட்பார். உதைத்தால்தான் மூடும் ஃப்ரிட்ஜ், குளிக்கும்போது மட்டும் பாடும் மகள், கடையில் காது சமமாக இல்லாத மனிதர்கள் என்று எல்லாரும் அந்தப் பக்கத்தில் வந்து போனார்கள்.

பாதிக்கு மேல் அவள் பஸ்ஸில்தான் எழுதினாள். வீட்டு மேசையில் உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், கணவர் கூப்பிடுவார், இரண்டும் கூப்பிடாவிட்டால் தூக்கம் வந்துவிடும். வண்டி ஓடினால்தான் மனசும் ஓடும். ஊர் போய்ச் சேர்வதில் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. போய்க்கொண்டே இருப்பதில்தான் ஆசை. சன்னலோரம் கிடைத்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுக்குப் போகிறோமா சாவு வீட்டுக்குப் போகிறோமா என்பதுகூட மறந்துபோகும்.

எழுதுவதில் அவளுக்கென்று ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவரைப் பற்றி எழுதினால், மறுநாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிய வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைப் பல வருடம் ஒழுங்காகத்தான் காப்பாற்றினாள், சம்பந்தியம்மா வரும்வரை.

மகள் தன் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பையனை விரும்பினாள். பையனின் அம்மா ஒரு ஆல்டரேஷன் கடை வைத்திருந்தார். பேண்ட் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, பெருத்துப் போனவர்களுக்கு ஓரம் பிரித்து விடுவது. கணவர் போன பிறகு அந்தக் கடையைத் தனியாளாக நடத்தி மகனைப் படிக்க வைத்தவர். வாய் திறந்தால் கத்தரிக்கோல் திறந்த மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு அவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பையனே பயந்துகொண்டிருந்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், டீயை வாங்கினார், டம்ளர் காலியாவதற்குள் "எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னார் என்பது கண்ணாடியம்மாவுக்குப் புரியவே இல்லை.

அதற்குப் பிறகு முப்பத்தாறாம் பக்கத்தில் 'எதிர்வீட்டு அம்மா' என்று ஒருவர் வர ஆரம்பித்தார். கழுத்தில் டேப்போடு திரிபவர், யாரைப் பார்த்தாலும் அரை அங்குலம் குறை சொல்பவர். உண்மையில் கண்ணாடியம்மாவின் எதிர்வீட்டில் குடியிருந்தவை லாரி டயர்கள். அது ஒரு கோடவுன். வாசகர்களுக்கு அது தெரியுமா? எதிர்வீட்டு அம்மா எப்படியிருக்கிறார், இந்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டு இதழுக்கு எழுதினார்கள். ஆசிரியர் குஷியாகிவிட்டார். "அந்தம்மாவை விடாதீங்க" என்றார்.

அவளும் விடவில்லை. முதலில் எழுதியதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரோடு வேலை பார்க்கும் சிநேகிதர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்த நேரம், சம்பந்தியம்மாவும் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிய கையோடு சன்னல் திரையின் அடி மடிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியம்மா இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்த திரை.

"இதைத் தைச்சது யாரு? தையல் ஓடியிருக்கா, இல்ல எறும்பு ஓடியிருக்கா?"

நாலு பேரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "டீ சாப்பிடுறீங்களா சம்பந்தி?" என்று கேட்டாள். அன்றைக்கே அடுத்த வாரத்துக்கான பக்கத்தை எழுதி முடித்தாள். அதன் கடைசிப் பத்தி இது:

'எதிர்வீட்டு அம்மாவுக்கு உலகத்தில் எல்லாரும் அரை அங்குலம் குறைவு. அவரிடம் அன்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாள் அளந்து பார்க்க ஆசைதான். அவ்வளவு சின்ன அளவு எந்த டேப்பிலும் இல்லை.'

எழுதிவிட்டு மூன்று முறை படித்தாள். தன் கையால் எழுதிய வரிகளிலேயே நல்ல வரி என்று தோன்றியது. அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் எடுத்துவிட வேண்டும் என்கிறார். எடுத்துப் பார்த்தால்தான் அது எந்த மாதிரிக் கட்டி என்று தெரியுமாம். மகள் அழவில்லை. டாக்டர் சொன்னதை எழுதிவைத்துப் படிப்பதுபோல் ஒப்பித்தாள்.

போனை வைத்தவுடன் நினைவுக்கு வந்தது அந்தக் கடைசிப் பத்தி. ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

"சார், இந்த வாரத்தை நிறுத்திடுங்க. வேற ஒண்ணு தரேன்."

"ஏம்மா? பிரமாதமா வந்திருக்கே! அதுவும் அந்தக் கடைசி வரி இருக்கே..."

"அந்த வரியையாவது எடுத்துடுங்க சார்."

"எப்படிம்மா எடுக்கிறது? அச்சுக்குப் போயாச்சு."

இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து ரயிலில் போவது என்று முடிவாயிற்று. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. இவர்கள் புதன்கிழமை காலையில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம். இதழ் கடைக்கு வருவதும் புதன்கிழமைதான்.

பிளாட்பாரத்தில் சம்பந்தியம்மா இரண்டு பையோடு நின்றிருந்தார். எப்போதும்போல நெட்டுக்குத்தாக நின்றார். ஆனால் முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. மூக்கின் இரு பக்கமும் இருந்த கண்ணாடித் தழும்பு அழுத்தமாகத் தெரிந்தது. தூங்காதவர்களுக்கு அப்படித் தெரியும்.

"பொழுது போகணுமே" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகக் கடைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த வார இதழ் இருந்தது. கண்ணாடியம்மாவுக்கு வண்டி வருவதற்கு முன்பே தண்டவாளம் அதிர்ந்தது.

ஏறி உட்கார்ந்தார்கள். சன்னலோர இருக்கையைச் சம்பந்தியம்மாவே, "நீங்க உக்காருங்க, எனக்கு வெளிய பாத்தா தலை சுத்தும்" என்று விட்டுக்கொடுத்தார். அப்படிக் கிடைத்த சன்னலில் வயல் போனதா மலை போனதா என்று கண்ணாடியம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் கண் முழுக்க அந்த இதழ்மேல்தான் இருந்தது. அது சம்பந்தியம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தது.

"குடுங்க சம்பந்தி, நான் ஒரு புரட்டு புரட்டிட்டுத் தர்றேன்."

வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். கதவோரம் நின்று முப்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தாள். அச்சில் அந்தக் கடைசி வரி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. கிழித்துக் காற்றில் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். பின்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. முப்பத்துநாலுக்கு அப்புறம் முப்பத்தேழு வந்தால் தையல்காரக் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? கிழிக்காமலே திரும்பி வந்தாள்.

அப்போதுதான் போன் வந்தது. சம்பந்தியம்மாவின் போன். பேசியது மகள்.

"அத்தை, இன்னிக்கு ஆபரேஷனுக்கு இருந்த ஒருத்தர் வரலையாம். அதனால இவரை இன்னிக்கே எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஆபரேஷன் பண்ணும்போதே ஒரு துண்டை எடுத்துச் சோதிச்சுப் பாத்துடுவாங்களாம். தெரிஞ்ச உடனே சொல்றேன். நீங்க பயப்படாதீங்க அத்தை."

"நான் ஏம்மா பயப்படுறேன்?" என்றார் சம்பந்தியம்மா. போனை வைத்தார். வைத்த பிறகும் கையிலிருந்து விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாராவாரம் ஒரு பக்கம் நிறைய வார்த்தை வைத்திருந்தவள், அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை அகப்படாமல் தவித்தாள். "ஆரஞ்சு உரிச்சுத் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். பெட்டியில் யாரோ சீட்டாடிச் சிரித்தார்கள். டீக்காரர் இரண்டு முறை வந்து போனார்.

ரொம்ப நேரம் கழித்துச் சம்பந்தியம்மா, "எதையாவது படிங்க" என்றார்.

"என்ன?"

"சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சுடும். கண்ணாடியை வேற மறந்துட்டேன். அந்தப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாப் படிங்க. முப்பத்தாறாம் பக்கத்துல ஒருத்தி எழுதுவா. அதை முதல்ல படிங்க."

கண்ணாடியம்மா அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் எழுதியதைத் தானே, யாரோ எழுதியதுபோல் படிக்க ஆரம்பித்தாள். திரை வந்தது. எறும்பு வந்தது. சம்பந்தியம்மாவின் உதடு ஒரு ஓரமாக அசைந்தது, சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. கடைசிப் பத்தி நெருங்க நெருங்க அவள் குரல் தேய்ந்தது. 'எதிர்வீட்டு அம்மாவுக்கு உலகத்தில் எல்லாரும் அரை அங்குலம் குறைவு' என்று படித்தாள். அதற்கு மேல் இருந்ததை விழுங்கினாள். "அவ்வளவுதான்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"ஆமா."

சம்பந்தியம்மா கண்ணைத் திறக்கவில்லை. கண்ணாடியம்மா பக்கத்தைத் திருப்பி ராசிபலன் படித்தாள், சமையல் குறிப்பு படித்தாள், ஒரு பல்பொடி விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

சம்பந்தியம்மா அதை எடுக்கவில்லை. கண்ணாடியம்மாவிடம் நீட்டினார். "நீங்க கேளுங்க."

எதிர்முனையில் மகள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். ஒரு கணம் கண்ணாடியம்மாவுக்கு உலகமே நின்றது. அப்புறம்தான் அந்த அழுகைக்குள் இருந்த சிரிப்பு காதில் விழுந்தது.

"அம்மா! சாதாரணக் கட்டிதானாம்மா! பயப்பட ஒண்ணுமே இல்லையாம். முழுசா எடுத்துட்டாங்களாம். அத்தைகிட்டச் சொல்லு, உடனே சொல்லு!"

"சம்பந்தி, ஒண்ணுமில்லையாம். சாதாரணக் கட்டிதானாம்."

சம்பந்தியம்மா அழுத விதத்தை அவள் அதற்கு முன் யாரிடமும் பார்த்ததில்லை. சத்தமே வரவில்லை. பெரிய விக்கல் எடுப்பதுபோல் உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணாடியம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி தளராமல் வண்டி ஒரு ஸ்டேஷனைக் கடந்து அடுத்த ஸ்டேஷனுக்கே வந்துவிட்டது. கடைசியில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆரஞ்சு எங்க?" என்றார்.

இரண்டு பேரும் பசி தெரியாமல் இருந்திருக்கிறார்கள். ஆரஞ்சு, ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் போயிற்று. டீக்காரரை அவர்களே கைதட்டிக் கூப்பிட்டார்கள். டீயைக் குடித்து முடித்த பிறகு சம்பந்தியம்மா பையைத் திறந்து, ஒரு டப்பியை எடுத்து, அதிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

கண்ணாடியம்மா திகைத்துப்போனாள். "மறந்துட்டேன்னு சொன்னீங்களே?"

"பொய்."

கண்ணாடியம்மாவின் மடியிலிருந்து இதழை எடுத்து நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார். "நடுவுல ஒண்ணுமில்ல, கடைசியிலதான் ரெண்டு வரியை விட்டுட்டீங்க. எங்க கடைக்குப் பக்கத்துப் பேப்பர்காரர்கிட்ட இது முந்தின நாளே வந்துடும். நேத்தே படிச்சுட்டேன்."

கண்ணாடியம்மா கையிலிருந்த காலி டீக் கப்பைக் கசக்கினாள்.

"நேத்து படிச்சப்ப பத்திக்கிட்டு வந்துச்சு. வண்டியில வெச்சு நாலு கேள்வி கேக்கணும்னுதான் இன்னொண்ணு வாங்கினேன். அப்புறம் போன் வந்துச்சு. கேள்வி எல்லாம் எங்கயோ போயிடுச்சு. ஆனா நீங்க அந்த வரியை விடுறீங்களா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு."

"எப்பத்துலேருந்து உங்களுக்கு... நான்தான்னு..."

சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கல்யாணம் பேச வந்தேன்ல, அன்னிக்கே. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா வாராவாரம் படிக்கிறேன் நான்! உங்க வீட்டுக்கு வந்து உக்காந்தேன். லிஃப்ட் மெக்கானிக்னு உங்க வீட்டுக்காரரைச் சொன்னாங்க. நான் ஏறி வந்ததோ லிஃப்ட் இல்லாத நாலு மாடி. நீங்க டீக்குப் பால் எடுத்துட்டு ஃப்ரிட்ஜை ஒரு உதை விட்டீங்க பாருங்க! அட, இவங்கதானான்னு ஆயிடுச்சு. இவ்வளவையும் ஊருக்குச் சொல்ற வீட்டுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கப் போகுது? அதான் உடனே சரின்னுட்டேன்."

கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. அந்த வரி... கோவத்துல எழுதினது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், முடியலை."

"மத்ததெல்லாம் படிச்சு நானே சிரிச்சிருக்கேன். டேப்பு, அரை அங்குலம், எல்லாம் நெசம்தான். இது மட்டும் சுருக்குனு இருந்துச்சு." அவர் இதழை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. எழுத்துல இவ்வளவு வாய் பேசுறீங்க. நேர்ல பாத்தா டீ சாப்பிடுறீங்களான்னு கேக்குறீங்க. அன்னிக்குத் திரையைச் சொன்னப்ப, 'உங்களுக்கு என்ன வந்துச்சு, போங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா?"

"ஏன், கடிச்சுடுவேனா?"

"அதுல எறும்பு ஓடலை" என்றாள் கண்ணாடியம்மா. குரல் அவளை அறியாமல் ஏறியது. "துணி வழுக்கல் துணி. ரெண்டு ராத்திரி தைச்சேன். நாலு பேர் முன்னாடி நீங்க அப்படிச் சொன்னது தப்பு."

"தப்புதான்" என்றார் சம்பந்தியம்மா உடனே. "ஆனா கோணல்தான்."

எதிரே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடியம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. இதற்குப் பயந்தா இத்தனை நாள் எதிர்வீட்டைக் கட்டிக்கொண்டு அலைந்தோம் என்று நினைத்தாள். யோசித்தால், அவள் எழுதியதில் பாதி, நேரில் சொல்லத் துணிச்சலில்லாமல் எழுதியதுதான். அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கிறது!

"இனிமே உங்ககிட்டக் காட்டிட்டு அனுப்புறேன்" என்றாள்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம். காட்டினா நான் நல்லவளா நடிக்க ஆரம்பிச்சுடுவேன். படிக்கிறவங்களுக்குச் சப்புனு போயிடும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாப்பிள்ளை கழுத்தில் பெரிய கட்டோடு படுத்திருந்தார். பேச வாயைத் திறந்தார். கரகரவென்று, "அம்மா... அத்தை..." என்று வந்தது. "பேசாதடா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாப்பிள்ளையை 'டா' போட்டதை உணர்ந்து கண்ணாடியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் படுத்தபடியே சிரித்தார். சிரித்ததும் வலித்திருக்கும், முகத்தைச் சுளித்தார். மகள் கட்டிலோரம் தலையை வைத்து, பேச்சுக் குரல் எதுவும் காதில் ஏறாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ. யாரும் எழுப்பவில்லை.

மாப்பிள்ளை அங்கே ஒரு வாரம் இருக்க வேண்டியிருந்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் மகள் வீட்டின் சின்ன அறையில் ஒரே கட்டிலைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். யார் சுவரோரம் படுப்பது, குழம்பில் யார் போட்ட உப்பு அதிகம், ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று காலையிலிருந்து வாய்ச்சண்டை. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று மகள் கத்தினாள். கத்தும்போது அவள் முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது.

சனிக்கிழமை ஆசிரியர் போன் செய்தார்.

"என்னம்மா, அடுத்த வாரத்துக்கு இன்னும் வரலையே?"

"இந்த ஒரு வாரம் விட்டுடுங்க சார். எழுத ஒண்ணும் இல்ல."

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார்" என்றாள் கண்ணாடியம்மா. "எல்லாரும் நல்லா இருக்கோம்."

சொல்லிவிட்டு போனை வைத்தாள். அடுப்படியில் சம்பந்தியம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. யாரைத் திட்டுகிறார் என்று பார்க்க எழுந்து போனாள்.